மின்சாரம் இலவசமாகவே இருக்கட்டும், அளவும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் பம்புசெட் மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டே குரல்கள்தான் கேட்கின்றன. இலவசத்தால் மின்வாரியம் மூழ்குகிறது, நிலத்தடி நீர் வற்றுகிறது, உடனே நிறுத்துங்கள் என்பது ஒன்று. உழவன் வயிற்றில் அடிக்காதே, மீட்டர் பக்கமே வராதே என்பது இன்னொன்று. சமத்துவம் வேண்டுமா, சிக்கனம் வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்பதுபோல் இந்த விவாதம் நடக்கிறது. இன்றுள்ள ஏற்பாட்டில் நமக்கு இரண்டுமே முழுதாகக் கிடைக்கவில்லை. இதைக் கணக்கோடு சொல்லவே இக்கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இலவச மின்சாரம் யாரும் போகிறபோக்கில் தூக்கிக் கொடுத்த பொருள் அல்ல. யூனிட்டுக்கு ஒரு பைசா கூட்டியதை எதிர்த்துக் கோவை மாவட்ட விவசாயிகள் எழுந்து நின்ற 1970 ஜூனில், பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையை நிறைத்தது 1972-ல். சிறு விவசாயிகளுக்கு இலவசம் 1984-ல் வந்தது. எல்லா விவசாயிகளுக்கும் என்று அது விரிந்தது 1990 வாக்கில். இன்று ஏறத்தாழ 23 லட்சம் வேளாண் இணைப்புகள் இருக்கின்றன. இந்த வரலாற்றை மறந்துவிட்டு எழுதப்படும் எந்தச் சீர்திருத்தமும் முதல் கிராமத்திலேயே நின்றுவிடும்.

பொருளாதாரப் பாடத்தில் அமெரிக்க அறிஞர் ஆர்தர் ஓகன் 1975-ல் சொன்ன ஓட்டை வாளி உவமை ஒன்று உண்டு. இருப்பவரிடமிருந்து இல்லாதவருக்குப் பணத்தை எடுத்துச் செல்லும் வாளியில் ஓட்டை இருக்கும், வழியில் கொஞ்சம் சிந்தும், எவ்வளவு சிந்தினால் பரவாயில்லை என்பதைச் சமுதாயம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் அவர். நியாயமான கேள்வி. ஆனால் நம் பம்புசெட் விஷயத்தில் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும். வாளி போய்ச் சேர்வது இல்லாதவரிடம்தானா? சிந்துவது வீணாவதோடு நிற்கிறதா, அல்லது பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்துக் கெடுக்கிறதா?

யாரிடம் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். மானியம் மின்சாரமாகப் போகிறது. அப்படியானால் மோட்டார் வைத்திருப்பவருக்குத்தான் அது போகும். பெரிய மோட்டாருக்குப் பெரிய பங்கு போகும். 10 ஹெச்.பி. மோட்டாரை நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டுபவர் 5 ஹெச்.பி. மோட்டாரை 4 மணி நேரம் ஓட்டுபவரைப்போல் ஐந்து மடங்கு மானியம் பெறுகிறார். கிணறே இல்லாத மேட்டாங்காட்டுக்காரருக்கு, சோளமும் கொள்ளும் வானம் பார்த்து விதைப்பவருக்கு, ஒரு பைசாவும் இல்லை. குத்தகைக்கு உழுபவருக்கும் பெரிதாக மிஞ்சுவதில்லை. கிணறும் சர்வீஸும் (மின் இணைப்பும்) உள்ள பூமிக்குக் குத்தகை கூடுதலாகவே பேசப்படுகிறது, மானியம் அந்தக் குத்தகை வழியாக நிலச் சொந்தக்காரரிடம் போய்விடுகிறது. கூலிக்குப் போகும் பெண்ணுக்கு இதில் நேரடியாக வருவது எதுவுமில்லை. இலவசத்தால் சிறு விவசாயி வாழ்கிறார் என்பது உண்மை. அதே இலவசத்தில் பெரிய பங்கு அவருக்கு வரவில்லை என்பதும் உண்மை.

இனி இயற்பியல். இழப்பே இல்லாத பம்பு ஒன்று இருந்தால், ஒரு யூனிட் மின்சாரம் 1,000 லிட்டர் தண்ணீரை 367 மீட்டர் தூக்கும். நம் தோட்டங்களில் ஓடும் செட்டுகளில் மோட்டார், பம்பு, குழாய் மூன்றின் இழப்பையும் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் 30, 40 விழுக்காடுதான். 35 என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1,000 லிட்டரை 128 மீட்டர்தான் தூக்க முடியும். டெல்டாவில் 20 மீட்டர் ஏற்றம் உள்ள ஃபில்டர் பாயின்ட்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றில்) ஒரு யூனிட்டுக்கு 6,400 லிட்டர் வரும். 60 மீட்டரிலிருந்து, அதாவது 200 அடியிலிருந்து எடுத்தால் 2,140 லிட்டர். 200 மீட்டரிலிருந்து, 650 அடியிலிருந்து எடுத்தால் வெறும் 640 லிட்டர்.

ஒரு ஏக்கர் நெல்லுக்கு மழை போக 1 மீட்டர் உயரம் தண்ணீர் பம்பிலிருந்து தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொண்டால், அது 40 லட்சம் லிட்டர் சொச்சம். 60 மீட்டர் போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) இதற்கு 1,890 யூனிட் ஆகும். 200 மீட்டர் போரில் 6,300 யூனிட். மின்சாரத்தைக் கொண்டுவந்து கொடுக்க யூனிட்டுக்கு 7 ரூபாய் ஆகிறது என்று வைத்தால் முதல் வயலுக்கு 13,000 ரூபாய், இரண்டாவது வயலுக்கு 44,000 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் விளைந்து, 2024-25-ல் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையான 2,300 ரூபாய்க்கே விற்றாலும் மொத்த வரவு 57,500. உழவு, நடவு, உரம், அறுவடைச் செலவு தனி. ஆக, 650 அடியிலிருந்து இறைத்த நெல்லில் பெரும்பகுதி அரசின் மின்சாரம்தான். அந்த 44,000 ரூபாயில் பாதியை விவசாயி கையில் பணமாகக் கொடுத்து, அந்த நிலத்தில் ராகியோ எள்ளோ போடச் சொன்னால் அவரும் நன்றாக இருப்பார், அரசுக்கும் மிச்சம், தண்ணீரும் கீழே தங்கும். சமத்துவத்தைக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல் சிக்கனத்தைப் பெற முடியும் என்று நான் சொல்வது இதைத்தான்.

சிந்துவது எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 விழுக்காடு கடினப் பாறை. ஆற்று மணலைப்போல் அடியில் பரந்து கிடக்கும் தண்ணீர் இங்கே கிடையாது. மேலே சிதைந்த பாறை அடுக்கு, அதன் கீழே வெடிப்புகள், அவ்வளவுதான். பக்கத்துத் தோட்டத்தில் 800 அடிக்குப் போர் இறங்கி அதே வெடிப்பைத் தொட்டால், நம் 60 அடிக் கிணறு ஒரே கோடையில் ஊறலை இழக்கும். போர் போட்டவர் யாருக்கும் நட்ட ஈடு தர வேண்டியதில்லை. தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுக்க நில உரிமையாளருக்கு இருக்கும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. எனவே கிணறு வற்றியவரும் போர் போடுகிறார். அவர் 900 அடி போகிறார். போர் தோண்டும் ரிக் வண்டிக்காரர்கள் முதல் சில நூறு அடிக்கு ஒரு விலையும், அதற்குக் கீழே ஒவ்வொரு நூறு அடிக்கும் கூடுதல் விலையும் வாங்குவார்கள். தண்ணீர் வராமல் பாறைத் தூளின் புகை மட்டும் வந்தாலும் காசு காசுதான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு பொய்த்தபோது கொங்கு மண்டலத்தில் நடந்தது இந்த ஓட்டம்தான். கடைசியில் ஊரில் மொத்தத் தண்ணீர் கூடவில்லை, எல்லோருடைய கடன் மட்டும் கூடியது. ஓட்டத்தில் முதலில் விழுபவர் அடுத்த போருக்குக் கடன் கிடைக்காத ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர்க்காரர்.

ஒருவர் செய்வதன் செலவு அவர் கணக்கில் ஏறாமல் அடுத்தவர் தலையில் விழுவதைச் சந்தையின் பக்கவிளைவு என்கிறோம். இங்கே மின்சாரத்தின் விலை சுழி என்பதால் பக்கவிளைவைத் தடுக்க எந்த அணையும் இல்லை. ஒரு மணி நேரம் கூடுதலாக மோட்டார் ஓடினால் ஓட்டுபவருக்குச் செலவு எதுவும் இல்லை, பயன் எள்ளளவு இருந்தாலும் ஓட்டுவார். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். மாநிலத்தின் 1,166 குறுவட்டங்களில் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த ஃபிர்காக்களில்) 435 குறுவட்டங்கள் அதிநுகர்வு நிலையில் இருந்ததாக 2020 மதிப்பீடு காட்டியது. ஆண்டுதோறும் மழை உள்ளே விடும் அளவைவிட அங்கே எடுப்பது அதிகம் என்பது இதன் பொருள்.

பக்கவிளைவு தண்ணீரோடு நிற்பதில்லை. டிரான்ஸ்பார்மரைப் பாருங்கள். 63 கே.வி.ஏ. சுமை வரை தாங்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றில் பத்து இணைப்புகள், ஒவ்வொன்றும் 5 ஹெச்.பி. என்று அனுமதி. மொத்தம் 50 ஹெச்.பி.; மோட்டார் திறனையும் பவர் ஃபேக்டரையும் (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்கு உதவும் பங்கையும்) ஒவ்வொன்றும் 0.8 என்று வைத்தால் 58 கே.வி.ஏ., தாங்கும். நீர்மட்டம் இறங்க இறங்க எல்லோரும் சொல்லாமல் 7.5 ஹெச்.பி.க்கு மாறுகிறார்கள். இப்போது சுமை 87 கே.வி.ஏ. மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, நள்ளிரவில் சில மணி என்று வந்த காலத்தில் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுப் பழகிவிட்டார்கள். கரண்ட் வந்த அதே நொடியில் பத்து மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும்போது ஒவ்வொன்றும் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 415 வோல்ட் 330-க்கு விழுந்தால் மோட்டாரின் திருகுவிசை மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் அது வோல்ட்டேஜின் இருமடியைப் பொறுத்தது. சுமையைத் தூக்க முடியாமல் மோட்டார் இன்னும் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும், காயில் கருகும். கருகிய காயிலைக் கட்டித் திரும்ப இறக்கும்போது திறன் இன்னும் சில புள்ளிகள் குறைந்திருக்கும். டிரான்ஸ்பார்மர் எரிந்தால் அனுமதித்த 5 ஹெச்.பி.யையே ஓட்டிய நேர்மையானவரின் பயிரும் சேர்ந்து வாடும்.

5 ஹெச்.பி. மோட்டாருக்கு, வேலைக்கு உதவாத மின்னோட்டத்தைக் குறைக்கும் 2 கே.வி.ஏ.ஆர். அளவுக் கெப்பாசிட்டர் ஒன்றை ஸ்டார்ட்டர் பெட்டியில் மாட்டினால் இந்தச் சுமையில் கணிசமான பகுதி இறங்கிவிடும். விலையும் பெரிதல்ல. மாட்டுவதால் வரும் நன்மை ஊருக்கு, செலவு தனக்கு என்பதால் யாரும் மாட்டுவதில்லை. மின்சாரம் குறைவாக இழுக்கும் ஐந்து நட்சத்திர பம்பு வாங்காததற்கும் காரணம் அதுதான். 35 விழுக்காட்டிலிருந்து 55 விழுக்காட்டுக்குத் திறன் கூடினால் மேலே சொன்ன 200 மீட்டர் போரில் ஏக்கருக்கு 2,290 யூனிட் மிச்சம். 7 ரூபாய்க் கணக்கில் 16,000 ரூபாய். ஆனால் அந்த மிச்சம் மின்வாரியத்துக்கு, பம்பு வாங்கும் கடன் விவசாயிக்கு. ஊறல் குறைந்த போரில் கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்துத் தண்ணீர் தள்ளும் முறை கொங்கில் நிறையப் பரவியிருக்கிறது. மின்சாரத்தை இவ்வளவு மோசமாகத் தின்னும் இறைப்பு முறை வேறு இல்லை. மின்சாரத்துக்கு ஒரு ரூபாய் விலை இருந்திருந்தால்கூட அது இத்தனை தோட்டங்களுக்கு வந்திருக்காது.

சொட்டு நீர்ப் பாசனம் போட்டால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கொடுக்கும் தமிழ்நாட்டுத் திட்டம் நல்ல திட்டம்தான், மஞ்சளுக்கும் வாழைக்கும் தென்னைக்கும் அது செய்த உதவியை யாரும் மறுக்க முடியாது. இருந்தாலும் மின்சாரத்துக்கு விலையில்லாத இடத்தில் சொட்டு நீரில் மிச்சமான தண்ணீர் பூமிக்குள் தங்குவதில்லை. இரண்டு ஏக்கர் பாய்ந்த போரில் நான்கு ஏக்கர் பாய்ச்சுகிறார்கள். வாய்க்கால் பாசனத்தில் கசிந்து திரும்பக் கிணற்றுக்கு வந்த பகுதியும் நின்றுவிடுகிறது. விளைச்சல் கூடுகிறது, அது நல்லது; நீர்மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது.

ஆழத்துக்கு இன்னொரு விலையும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில், அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு இயற்கையாகவே உண்டு. பாறை வெடிப்பில் நெடுங்காலம் தங்கிய ஆழத்துத் தண்ணீரில் அது கூடுதலாகக் கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த இரு மாவட்ட மக்களுக்குக் காவிரித் தண்ணீர் கொடுக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. மேல்மட்டத் தண்ணீர் தீர்ந்த ஊரில் குடிநீருக்கு அரசு தொலைவிலிருந்து குழாய் போட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு வேளாண் மின்மானியத் தலைப்பில் வராது என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

சட்டத்தால் அடக்கலாமே என்றால், 2003-ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றினோம். பத்தாண்டு அது நடைமுறைக்கே வரவில்லை, 2013-ல் நீக்கப்பட்டது. லட்சக்கணக்கான கிணறுகளை அனுமதிச் சீட்டும் ஆய்வாளரும் வைத்துக் காக்க முடியாது. அப்படி வைத்தால் அனுமதி யாருக்குக் கிடைக்கும் என்பதையும் நாம் அறிவோம்.

என் கருத்து இது. இலவசம் தொடரட்டும், அளவில்லாத இலவசம் மட்டும் போகட்டும். இதற்கு முன்மாதிரி நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. 2016 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மீட்டர் இருக்கிறது, ஓடுகிறது, இலவசமும் இருக்கிறது. யாரும் அதைச் சதி என்று சொல்லவில்லை. மீட்டரும் இலவசமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் தோட்டத்துக்கு மட்டும் எப்படி வந்தது?

நடைமுறை இப்படி இருக்கலாம். ஒவ்வொரு வேளாண் இணைப்புக்கும் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று ஓர் ஒதுக்கீடு. அதற்குள் எடுத்தால் பில் இல்லை. எடுக்காமல் விட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயியின் வங்கிக் கணக்கில் 4 ரூபாய். 6,000 யூனிட் ஒதுக்கீட்டில் 4,500 ஓட்டினால் அவருக்கு 6,000 ரூபாய் வரும், அரசுக்கு 7 ரூபாய்க் கணக்கில் 10,500 ரூபாய் செலவு குறையும், கொடுத்த 6,000 போக 4,500 ரூபாய் மிச்சம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீட்டைத் தாண்டினாலும் பில் போடக் கூடாது. திரும்ப வரும் பணம் இல்லை, அவ்வளவுதான். இதிலே விவசாயி இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அணைக்காமல் விட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இனி ஒரு விலை இருக்கிறது: 7.5 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 7 யூனிட் எடுக்கும், 28 ரூபாய். இரவு முழுக்க ஓடி வரப்பு வழிந்தால் 200 ரூபாய் போச்சு என்று கணக்குத் தெரியும். நல்ல பம்பு, கெப்பாசிட்டர், அகலமான டெலிவரி குழாய் எல்லாவற்றுக்கும் அன்றைக்கே காரணம் பிறந்துவிடும்.

பஞ்சாப் 2018-ல் இதே அடிப்படையில், சேமிக்கும் யூனிட்டுக்கு 4 ரூபாய் தரும் திட்டத்தைச் சில மின்பாதைகளில், விரும்புவோருக்கு மட்டும் என்று தொடங்கியது. நெல்லும் கோதுமையும் அரசுக் கொள்முதலுக்குள் இருக்கும் மாநிலத்திலேயே அதை முயன்றார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இதில் கெட்டுப்போகக்கூடிய இடங்கள் பல. ஒதுக்கீட்டைத் தாராளமாக வைத்தால் ஒன்றும் செய்யாதவருக்கும் பணம் போகும், கஜானா காலியாகும். இறுக்கமாக வைத்தால் முதல் ஆண்டிலேயே நம்பிக்கை போகும். எனவே முதலில் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் மீட்டர் வைத்து மூன்று ஆண்டு சராசரியை எடுத்து, அதிலிருந்து ஒதுக்கீட்டை வகுக்க வேண்டும். மழை நல்ல ஆண்டில் எல்லோரும் மிச்சம் காட்டுவார்கள், வறண்ட ஆண்டில் யாருக்கும் மிச்சமிராது. ஆகவே மிஞ்சிய யூனிட்டில் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் வசதி தேவை. மீட்டரைச் சுற்றிக் கொக்கி போடுவது நடக்கும். டிரான்ஸ்பார்மர் மீட்டரின் மொத்தமும் இணைப்பு மீட்டர்களின் கூட்டுத் தொகையும் 10 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் அந்த டிரான்ஸ்பார்மருக்கு உட்பட்ட எல்லோருக்கும் திரும்பும் பணம் நிறுத்தப்படும் என்று வைத்தால் ஊரே காவல் காக்கும். அண்ணன் தம்பி ஒதுக்கீட்டுக்காகச் சர்வீஸைப் பிரிப்பார்கள். அதனால் கணக்குத் தொடங்கும் நாளுக்குப்பின் பிரிந்த இணைப்புகள் ஒதுக்கீட்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, பணம் தாமதமாக வருவது. தைப்பொங்கலுக்கு முன் கணக்கில் ஏறவில்லை என்றால் அடுத்த ஆண்டு யாரும் இந்தத் திட்டத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்போதுதான் உண்மையான சமத்துவக் கேள்வி வருகிறது, இதற்குச் சுலபமான விடை கிடையாது. எதைச் சமமாகப் பங்கிடுவது? ஹெச்.பி.க்கு இத்தனை யூனிட் என்றால் பெரிய மோட்டாருக்குப் பரிசு கொடுக்கிறோம். ஏக்கருக்கு இத்தனை என்றால் நிலம் அதிகம் உள்ளவருக்கு. குடும்பத்துக்கு இத்தனை என்பது கேட்க அழகு, ஆனால் நான்கு பங்காளிகள் முறை வைத்து இறைக்கும் பங்குக் கிணற்றில் அது சிக்கிக்கொள்ளும். இன்னொன்றும் இருக்கிறது: தஞ்சாவூரில் 20 மீட்டரில் இறைப்பவருக்கும் தருமபுரியில் 200 மீட்டரில் இறைப்பவருக்கும் ஒரே யூனிட் கொடுத்தால் தருமபுரிக்காரருக்குத் தண்ணீர் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். தண்ணீரைச் சமமாக்கப் பார்த்து ஆழத்துக்கு ஏற்ப யூனிட்டைக் கூட்டினாலோ, ஆழத் தோண்டியவருக்கு விருது கொடுத்ததாகிவிடும். மறுபடியும் ரிக் வண்டி ஊருக்குள் வரும்.

நான் தேர்ந்தெடுப்பது இப்படி: ஒதுக்கீடு ஏக்கர் கணக்கில், 5 ஏக்கர் உச்சவரம்போடு. சிறு விவசாயிக்கு முழுதும் கிடைக்கும், 20 ஏக்கர்க்காரருக்கு ஐந்துக்கு மட்டும். பங்குக் கிணற்றில் பங்காளிகளின் ஏக்கரைக் கூட்டிக்கொள்ளலாம். யூனிட் ஒதுக்கீட்டை அந்தந்தக் குறுவட்டத்தின் இப்போதைய சராசரி ஆழத்தில் நிறுத்திவிட வேண்டும், இனி ஆழம் கூடினாலும் அது கூடாது. திரும்பக் கொடுக்கும் பணம் எல்லா இடத்திலும் 4 ரூபாயாக இருக்கத் தேவையில்லை. அதிநுகர்வுக் குறுவட்டத்தில் ஒரு யூனிட் குறைந்தால் பக்கத்துக் கிணறுகளுக்குப் பயன் அதிகம். அங்கே 5 அல்லது 6 ரூபாய் கொடுக்கலாம். காவிரித் தண்ணீர் வந்து நிலத்தடியை நிரப்பும் இடத்தில் 2 ரூபாய் போதும். பக்கவிளைவு எங்கே எவ்வளவோ, விலை அங்கே அவ்வளவு. அடுத்தவர் தலையில் விழும் செலவுக்கு வரி போடலாம் என்று பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ நூறாண்டுக்கு முன் சொன்னதை இங்கே பரிசாகத் திருப்பிக் கொடுக்கிறோம். வரியாகப் போட்டால் பெருமாநல்லூரை மறுபடி அழைப்பதாகும்.

சிக்கனத்துக்காகச் சமத்துவம் கொஞ்சம் அடிபடும் இடமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. குஜராத்தில் 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம் வேளாண் மின்பாதையைத் தனியே பிரித்து, நாளுக்கு 8 மணி நேரம் முழு வோல்ட்டேஜில் கொடுத்தது. வீடுகளுக்கும் கிராமத் தொழில்களுக்கும் நாள் முழுக்க மின்சாரம் வந்தது. மோட்டார் எரிவதும் குறைந்தது. ஆனால் பம்பு வைத்திருப்பவரிடம் தண்ணீர் விலைக்கு வாங்கிப் பயிரிட்ட குத்தகைக்காரரும் நிலமில்லாதவரும் நொந்துபோனார்கள், ஏனென்றால் விற்க மிச்சத் தண்ணீர் இல்லை. மேற்கு வங்கம் 2007 முதல் வேளாண் பம்புகளுக்கு மீட்டர் வைத்தபோதும் பம்புக்காரர்களுக்கு லாபம், தண்ணீர் வாங்குபவர்களுக்கு விலையேற்றம் என்றுதான் முடிந்தது. இங்கேயும் அண்டைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவர் இனி 4 ரூபாய் போகிறதே என்று யோசிப்பார். எனவே யூனிட்டுக்கு 7 ரூபாயில் 4 ரூபாய் போக அரசுக்கு மிச்சமாகும் 3 ரூபாயை அரசு தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. அதைக் கிணறில்லாத மானாவாரி விவசாயிக்கும் பதிவு செய்த குத்தகைதாரருக்கும் ஏக்கர் கணக்கில் உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தால் நானே அதை எதிர்ப்பேன்.

இன்று மீட்டர், நாளை பில் என்ற அச்சம் பொய்யான அச்சமல்ல. மின்சாரச் சட்டத்திருத்த வரைவு 2020-ல் வந்தபோது மானியத்தை வங்கிக் கணக்கில் போடுகிறோம், பில்லை நீங்கள் கட்டுங்கள் என்று சொன்னது. முதலில் கட்டு, பிறகு வாங்கிக்கொள் என்பது சிறு விவசாயியைக் கந்துவட்டிக்காரரிடம் அனுப்பும் வழி. நான் சொல்வதில் ஒதுக்கீட்டுக்குள் நிற்கும் விவசாயி எந்த மாதமும் ஒரு ரூபாயும் கட்டுவதில்லை. பணம் ஒரே திசையில், அரசிடமிருந்து அவருக்கு மட்டும் வருகிறது. ஒதுக்கீட்டுக்குள் கட்டணம் இல்லை என்பதைச் சட்டமன்றத்தில் சட்டமாகவே இயற்ற வேண்டும், அரசாணை போதாது. சேருவதும் சேராததும் விவசாயியின் விருப்பம் என்று இருக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் விழா வைக்க வேண்டாம். நீர்மட்டம் கீழே போய்விட்ட, பம்புக்காரர்களே அலுத்துப்போயிருக்கும் பத்துக் குறுவட்டங்கள் போதும். அவற்றில் வேளாண் மின்பாதை தனியாகப் பிரிந்திருக்கும் இடங்களை எடுத்துக்கொள்ளலாம். முதல் வேலை டிரான்ஸ்பார்மர் மீட்டர். அதன் மாதக் கணக்கையும், அதே குறுவட்டத்தில் நீர்வளத் துறையின் கண்காணிப்புக் கிணறு காட்டும் நீர்மட்டத்தையும் ஊராட்சி அலுவலகப் பலகையில் அடுத்தடுத்து எழுதிப்போட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, பெரிய பணமும் தேவையில்லை. மின்பகிர்மானக் கழகமும் வேளாண் பொறியியல் துறையும் நிலத்தடி நீர்ப் பிரிவும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். வரும் நிதிநிலை அறிக்கைக்கு முன் அவர்களை அப்படி உட்காரவைக்கும்படி அரசைக் கேட்டுக்கொள்கிறேன். வேளாண் இணைப்புகளின் டிரான்ஸ்பார்மர்வாரி மின்பயன்பாட்டை வெளியிடும்படி தங்கள் நாளிதழும் வலியுறுத்த வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர் ஒருவர்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.